சின்னப்பர் கரையேறிய தீவு

புனித சின்னப்பர் கைதியாக ரோமாபுரிக்குச் சென்ற கப்பல் புயலில் அகப்பட்டுப் பதினான்கு நாள் அலைக்கழிந்து, முடிவில் ஒரு தீவின் கரையருகே உடைந்துபோன வரலாற்றை அப்போஸ்தலர் பணி நூலில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கப்பலில் இருந்த 276 பேரும் உயிர் தப்பினர். மழையிலும் குளிரிலும் நடுங்கி நின்றவர்களுக்குத் தீவார் தீ மூட்டி ஆதரவு அளித்தனர். சின்னப்பர் அள்ளிப்போட்ட சுள்ளிகளிலிருந்து ஒரு விரியன் வெளிப்பட்டு அவர் கையைப் பற்றியதும், அவர் அதனை நெருப்பில் உதறிவிட்டதும் ஞானோபதேச வகுப்பில் நாம் கண்விரியக் கேட்ட கதை. பலமுறை கேட்டிருந்தும் அதில் ஒரு சொல்லை நான் கவனித்ததில்லை. நூலாசிரியரான லூக்காஸ் அத்தீவாரைக் கிரேக்கத்தில் 'பார்பரோய்' என்று குறிக்கிறார். கிரேக்கம் பேசாதவர், விளங்காத பேச்சுடையவர் என்பது அச்சொல்லின் பொருள். மால்டா மக்கள் திருநூலில் இடம் பெறும்போதே, அவர்கள் பேசுவது பிறர்க்குப் புரியவில்லை என்ற குறிப்போடு இடம் பெறுகிறார்கள்.

இந்தச் சொல்லை அசைபோட்டபடியே 2024 செப்டெம்பர் முதல் வாரத்தில் ரோமாபுரியிலிருந்து மால்டாவுக்கு விமானம் ஏறினேன். எங்கள் பங்கைச் சேர்ந்த அருட்சகோதரி ஒருவர் அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பதினோர் ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். அவருடைய அழைப்பே என் பயணத்துக்குக் காரணம்.

சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் மால்டா, கோசோ, கொமினோ என்னும் தீவுகள் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து 316 சதுரக் கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு இதனைவிடப் பெரிது. ஆறு இல்லை, காடு இல்லை, மலை என்று சொல்லத்தக்க உயரமும் இல்லை. குடிநீரில் பெரும்பகுதியைக் கடல்நீரிலிருந்து உப்பகற்றிப் பெறுகிறார்கள். இறைவன் அத்தீவாருக்கு அளந்து கொடுத்த செல்வம் ஒன்றே ஒன்று, கல். வெட்டியெடுக்கும்போது மரத்தை அறுப்பதுபோல் அறுக்கலாம். காற்றுப் பட்டபின் இறுகும். வெயில் சாயும் வேளையில் தேன்நிறம் கொள்ளும். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அத்தீவின் ஆதிக்குடிகள் கல்லினால் கோவில்கள் எழுப்பியிருக்கிறார்கள். கோசோத் தீவிலுள்ள 'ஜிகாந்தீயா' எகிப்தியப் பிரமிடுகளுக்கும் மூத்தது. விமானம் தாழ்ந்தபோது, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோவில் உண்டு என்று மால்டியர் பெருமையாகச் சொல்வதை நினைத்துக் குவிமாடங்களை எண்ணத் தொடங்கினேன். கட்டட வேலைக்கு நிறுத்தியிருந்த கிரேன்கள் இடையிடையே குறுக்கிட்டு என் கணக்கைக் கெடுத்தன.

சகோதரி எனக்கு மோஸ்தா என்னும் ஊரில், எண்பத்துநான்கு வயதுள்ள ஒரு விதவை அம்மையாரின் வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருந்தார். அவருடைய கணவர் கொத்தனார். 1962-ஆம் ஆண்டு, திருமணத்துக்கு முந்திய ஆண்டில், தம் கையாலேயே கல் அடுக்கிக் கட்டிய வீடு அது. தெருப்பக்கம் பச்சை வண்ணம் தீட்டிய மூடிய மரப்பலகணி. கதவருகே தேவதாயின் சிறு சுரூபம் பதித்த மாடம். கூடத்தின் இடப்பக்கச் சுவரில் தரையிலிருந்து மேல்நோக்கி மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது. அதன் குறுக்கே விரலளவு கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருந்தது. முதல்நாள் கேட்பது முறையன்று என்று விட்டுவிட்டேன்.

அன்றிரவு உணவுக்கு முன் அம்மையார் கண்மூடிச் செபித்தார். செபத்தினிடையே 'அல்லா' என்ற சொல் என் செவியில் தெளிவாக விழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்ததைச் சகோதரி கவனித்துவிட்டுப் புன்னகை செய்தார். மால்டியர் தம் மொழியில் இறைவனை அழைக்கும் பெயர் அதுதான். தவக்காலத்தை 'ரந்தான்' என்கிறார்கள். உயிர்ப்புப் பெருவிழாவை 'எய்த்' என்கிறார்கள். அரபியரின் ரமதானும் ஈத்துமே இவை. துருக்கியரின் பெரும்படையை எதிர்த்து நின்றதைத் தங்கள் தலையாய புகழாகக் கொண்டாடும் கத்தோலிக்க மக்கள் இப்படித்தான் செபிக்கிறார்கள்! கி.பி. 870-இல் அரபியர் தீவைக் கைப்பற்றினர். 1091-இல் நார்மானியர் வந்தனர். பின்னர் மதம் மாறிற்று, மொழி தங்கிவிட்டது. சிசிலியச் சொற்களும் இத்தாலியச் சொற்களும் வெள்ளமெனப் புகுந்தும், வீடு, தாய், ரொட்டி, கடல் போன்ற அன்றாடச் சொற்கள் அரபு வழியில் வந்தவையாகவே நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளுள் செமித்திய இனத்தைச் சேர்ந்தது இந்த 'மால்டி' ஒன்றே. அதனை ரோமன் எழுத்துகளில் எழுதுகிறார்கள்.

"வியப்பு எதற்கு? நம் பாட்டிமார் 'சர்வேசுரா' என்று செபித்ததும், திருப்பலியைப் 'பூசை' என்று சொன்னதும் எங்கிருந்து வந்தனவாம்?" என்று சகோதரி கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியாமலில்லை. ஆனால் அதுவரை அந்தக் கோணத்தில் எண்ணியதில்லை.

இம்மொழிக்கு அந்தத் தீவிலேயே நெடுங்காலம் மதிப்பு இருந்ததில்லை. 1530 முதல் 1798 வரை ஆண்ட அருளப்பர் சபைப் போர்த்துறவியர் காலத்தில் எழுத்துக்கும் நீதிக்கும் மேன்மக்கள் பேச்சுக்கும் உரியது இத்தாலியம். மால்டி அடுக்களையிலும் வயலிலும் படகிலும் பேசப்படுவது. 1796-இல் மிக்கியேல் அந்தோன் வஸ்ஸல்லி என்னும் அறிஞர் மால்டிக்கு ஓர் அகராதி வெளியிட்டு, அதனை மால்டா தேசத்துக்கு உரிமையாக்கினார். அப்படி ஒரு தேசம் இருப்பதாக வேறு எவரும் அன்று நினைத்ததாகத் தெரியவில்லை. சிறையும் நாடுகடத்தலும் கண்ட அவர், முதுமையில் பல்கலைக்கழகத்தில் மால்டி கற்பித்தார். நற்செய்திகளை அம்மொழியில் பெயர்த்தார். 1829-இல் இறந்தபோது அவரை அடக்கம் செய்தது புரோட்டெஸ்டாண்டுக் கல்லறையில். துறைமுகத்தை நோக்கும் பழைய கோட்டை மதிலின்மேல், இன்று பூந்தோட்டமாகப் பேணப்படும் அந்த இடத்துக்குச் சகோதரி என்னை அழைத்துச் சென்றார். நாங்கள் இருவரும் ஒரு பரமண்டல மந்திரம் சொல்லிவிட்டு வந்தோம்.

அவர் தொடங்கியதைத் தொடர்ந்தவர்களுள் நம் குருக்களும் உண்டு. துன் கார்ம் என்று மக்கள் அழைத்த குருவானவர் இத்தாலியத்தில் கவிதை புனைந்து பெயர் பெற்றவர். 1912-இல் தாய்மொழிக்குத் திரும்பினார். மால்டாவின் தேசிய கீதம் அவர் இயற்றியது. போர் முழக்கம் எதுவும் இன்றி, ஆள்வோருக்கு அறிவும் உழைப்போருக்கு வலிமையும் எல்லோருக்கும் ஒற்றுமையும் கேட்கும் மன்றாட்டாகவே அது அமைந்திருக்கிறது. 1907-இல் மறைக்கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கிய ஜார்ஜ் பிரேக்கா அடிகளார், துறைமுகத் தொழிலாளருக்கும் சிறுவருக்கும் அவர்கள் வீட்டு மொழியிலேயே ஞான உபதேசம் போதித்தார். 2007-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். 1934-இல் மால்டி ஆட்சிமொழியாயிற்று. 1936-இல் இத்தாலியம் அந்த இடத்தை இழந்தது. அதுவரை ஏழைக் குடியானவன் தன்னைத் தண்டிக்கும் தீர்ப்பைத் தனக்கு விளங்காத மொழியில் கேட்டுத் தலைகவிழ்ந்து சென்றான். ஆங்கிலேயர் மால்டியை உயர்த்தியதற்கு அன்பு மட்டும் காரணமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியத்தை அகற்ற அவர்களுக்கு அது நல்ல கருவியாயிற்று.

செப்டெம்பர் 8. நம் வேளாங்கண்ணியில் கொடியிறங்கும் நாளாகிய தேவதாயின் பிறப்பு விழா, மால்டாவில் நாடு முழுவதற்கும் வெற்றித் திருநாள். 1565-இல் துருக்கியர் முற்றுகை நீங்கியதும், 1943-இல் இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானதும் அந்நாளிலேதான். வல்லெத்தாவின் பெருந்துறைமுகத்தில் பழைய பாணிப் படகுகளை வைத்துப் பந்தயம் விடுகிறார்கள். ஒவ்வொரு கரைக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் தொண்டை கிழியக் கத்தும் ஒரு கூட்டம். எதிர்க்கரையில் செங்லேயா நகரில் குழந்தை மரியாளின் சுரூபத்தை மாலையில் தெருவலம் கொண்டுவருகிறார்கள். தூக்கிச் சென்ற ஆடவர் தோள்களைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர்ச் சப்பரத் தோள்களே நினைவுக்கு வந்தன.

இப்படியொரு தேசிய நாள் போதாது என்று, மால்டாவுக்குத் தேசிய நாட்கள் ஐந்து இருக்கின்றன! ரொட்டி விலையேற்றத்தால் மூண்ட கலகத்தில் ஆங்கிலப் படையினர் சுட்டு நால்வர் மாண்ட 1919 ஜூன் 7. விடுதலை பெற்ற 1964 செப்டெம்பர் 21. குடியரசான 1974 டிசம்பர் 13. கடைசி ஆங்கிலப் படை வெளியேறிய 1979 மார்ச் 31. இந்த வெற்றித் திருநாள். ஒரு கட்சி விடுதலை நாளைப் போற்றும். மற்றக் கட்சி குடியரசு நாளையும் படை வெளியேறிய நாளையும் போற்றும். எது பெரிது என்று தீராமல், 1989-இல் ஐந்தையும் வைத்துக்கொள்வது என்று நாடாளுமன்றத்தில் உடன்பட்டார்கள். சிரித்துவிட்டுப் போகத் தோன்றும். ஆயினும் அடிதடியைவிட இது மேல் அன்றோ? இவர்களே 1956-இல் ஆங்கில நாட்டோடு இணைந்துவிடலாமா என்று வாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 77 பேர் 'ஆம்' என்றவர்கள் என்பதை எண்ணினால், தேசம் என்ற உணர்வு அங்கே எவ்வளவு தயங்கித் தயங்கி வந்தது என்பது புலப்படும். திருச்சபை தன் நிலைக்கு அஞ்சிற்று, எதிர்க்கட்சி புறக்கணித்தது, பலர் வாக்குச்சாவடிக்கே போகவில்லை. ஆங்கிலேயருக்கும் ஆர்வம் குன்றிற்று. எட்டே ஆண்டுகளில் அதே மக்கள் தனிநாடு ஆனார்கள்.

மோஸ்தாவின் வட்டக் கோவிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1833-இல் தொடங்கி ஊரார் தங்கள் உழைப்பைத் தானமாகக் கொடுத்து எழுப்பிய அதன் மாபெரும் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு, 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் செர்மானியர் குண்டு ஒன்று உள்ளே விழுந்தது. கோவிலில் ஏறத்தாழ முந்நூறு பேர் இருந்தனர். குண்டு வெடிக்கவில்லை. ஆனால் மோஸ்தாவில் வயது முதிர்ந்த எவரைக் கேட்டாலும் தம் குடும்பத்தில் ஒருவராவது அன்று உள்ளே இருந்ததாகச் சொல்வார்கள். கூட்டிப் பார்த்தால் மூவாயிரம் தேறும் என்று அம்மையாரே நகைத்தார்.

அவருடைய திருமணப் படம் கூடத்தில் மாட்டியிருந்தது. மணமகளின் கையில் பூ இல்லை. பின்னால் பீடம் இல்லை. ஏதோ ஒரு பக்கவாயில் மட்டும் தெரிந்தது. 1963-இல் எடுத்தது. அவருடைய தந்தை கப்பல் செப்பனிடும் துறையில் தொழிலாளி, தொழிற்கட்சிக்காரர். 1961-இல் அக்கட்சித் தலைமையைத் திருச்சபை விலக்கிவைத்தது. கட்சியின் பத்திரிகையைப் படிப்பதும் விற்பதும் சாவான பாவம் என்று அறிவிக்கப்பட்டது. கட்சியை விட மறுத்தவர்களுக்குப் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டது. திருமணங்கள் கோவில் நடுவே நடவாமல் சக்ரீஸ்து அறையில் நடந்தன. இறந்தவர் சிலர் மந்திரிக்கப்படாத நிலத்தில் புதைக்கப்பட்டனர். 1969-இல் இருதரப்பாரும் சமாதானமாயினர். "என் கணவருக்கு அரசியலே இல்லை. எனக்காக அவரும் சக்ரீஸ்து வாசலில் நின்றார்" என்றார் அம்மையார். அவர் அன்றும் இன்றும் நாள் தவறாமல் திருப்பலிக்குப் போகிறவர். அப்படத்தை அவர் கழற்றி வைத்ததில்லை. 1967-இல் மால்டியரில் நூற்றுக்கு 82 பேர் ஞாயிறு திருப்பலி கண்டனர். 2005-இல் ஏறத்தாழப் பாதிப்பேர். 2017-இல் அது நாற்பதுக்கும் கீழே இறங்கிற்று. 2011 மே மாத வாக்கெடுப்பில் மக்கள் மணமுறிவுச் சட்டத்துக்கு இசைந்தனர். செல்வம் வந்ததால் பக்தி போயிற்று என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்கவாயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஒருநாள் கோசோவுக்குப் போனோம். படகில் இருபத்தைந்து நிமிடம். கடலலை குடைந்த பாறைவளைவு ஒன்று அத்தீவின் அடையாளமாகப் படங்களிலெல்லாம் இருந்தது. 2017 மார்ச் 8-ஆம் நாள் புயலில் அது முழுவதுமாக விழுந்துவிட்டது. இப்போது அங்கே வந்து நிற்கிறவர்கள் இல்லாத வளைவைப் படமெடுக்கிறார்கள். திரும்பும் வழியில் சில வீட்டு முகப்புகளில் கங்காருச் சிலைகளைக் கண்டேன். போருக்குப்பின் வேலையின்றிப் பல பத்தாயிரம் மால்டியர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். திரும்பி வந்தவர்கள் தங்களுக்கு வாழ்வு தந்த நாட்டின் விலங்கைக் கல்லில் செதுக்கி வைத்தனர்.

நான் வாய் தவறி, "அந்தப் பழைய மால்டா எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! மஞ்சள் வண்ணப் பேருந்துகள், கறுப்பு முக்காட்டுப் பெண்கள், கண் வரைந்த படகுகள்..." என்று சொல்லிவிட்டேன். மஞ்சள் பேருந்துகள் 2011-இல் போயின. முக்காடு அதற்கு வெகுகாலம் முன்பே போயிற்று. முனையில் இரு கண்கள் தீட்டிய 'லுட்சு' படகுகள் மட்டும் மர்சாஷ்லோக் துறையில் இன்னும் மிதக்கின்றன.

அம்மையார் நடையை நிறுத்தினார். "என் அண்ணன் 1954-இல் போனார். பதினெட்டு வயது. துறைமுகத்தில் அம்மா மயங்கி விழுந்தாள். பிறகு அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நீங்கள் பேசும் அழகான மால்டா எங்களுக்குச் சோறு போடவில்லை, ஐயா." கோபமின்றித்தான் சொன்னார். ஆனால் எனக்கு முகம் சுண்டிவிட்டது. தொலைவிலிருந்து வந்து பிறர் வறுமையைச் சித்திரமாக ரசிக்கும் குற்றம் பயணிகளுக்கே உரியது; நானும் அதற்கு விலக்கல்லன்.

அண்ணன் ஆஸ்திரேலியக் குடிமகன் ஆனபோது, அன்றைய சட்டப்படி, மால்டாக் குடியுரிமையை இழந்தார். இரண்டு குடியுரிமையும் வைத்துக்கொள்ளலாம் என்று தாராளமாகச் சட்டம் திருந்தியது 2000-ஆம் ஆண்டில். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் மெல்பர்னில் அடக்கமாகிவிட்டார். இதனை அம்மையார் என்னிடம் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. 2014 முதல் மால்டா அரசு பணம் படைத்த அயல்நாட்டாருக்குக் குடியுரிமை விற்றது. தொடக்கத்தில் அதற்காக அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை 6,50,000 யூரோ. "என் அண்ணன் இழந்ததற்கு இதுவா விலை?" என்று அவர் கேட்டார். நான் ஊர் திரும்பிய பின், 2025 ஏப்ரல் 29-ஆம் நாள், ஐரோப்பிய நீதிமன்றம் அவ்விற்பனை ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. செய்தியைப் படித்தபோது அவர் கேட்ட தொனிதான் என் காதில் இருந்தது.

2003 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 54 பேர் ஒப்புதலளிக்க, 2004 மே முதல் நாள் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2008-இல் யூரோ நாணயம் வந்தது. இணையவழிச் சூதாட்ட நிறுவனங்கள், நிதி நிறுவனங்கள், சுற்றுலா, கட்டடத் தொழில் எல்லாம் பெருகின. ஒரு காலத்தில் மக்களை ஏற்றுமதி செய்த தீவு இன்று வேலையாட்களை வரவழைக்கிறது. 2011-இல் மக்கள்தொகை 4,17,432, 2021-இல் 5,19,562. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அயல்நாட்டார். இந்தியரும் பிலிப்பீன்ஸ் மக்களும் அவர்களுள் பெருந்தொகையினர். எங்கள் பேருந்தை ஓட்டியவர் ஒரு மலையாளி. சகோதரியின் முதியோர் இல்லத்தில் மால்டாப் பாட்டியருக்கு உணவு ஊட்டுகிற கைகளில் பாதி நம் நாட்டுக் கைகள். 1950-களில் மெல்பர்னில் அம்மையாரின் அண்ணன் எப்படியிருந்தாரோ அப்படித்தான் அவர்கள் இங்கே இருக்கிறார்கள் - நெருக்கமான அறைகளில், வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, விளங்காத பேச்சுக்கிடையே.

இத்தனை பேருக்கும் வீடு வேண்டும். இடமோ 316 சதுரக் கிலோமீட்டர். ஆகவே கல்வீடுகள் இடிகின்றன. அவ்விடத்தில் ஐந்தடுக்கு, ஆறடுக்குக் குடியிருப்புகள் எழுகின்றன. கீழே ஊர்தி நிறுத்தப் பாறையைக் குடைகிறார்கள். மால்டாவில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். ஒருவன் வானந்தோண்டினால் மற்றவன் சுவர் நடுங்கும். 2020 மார்ச்சில் ஹம்ரூன் என்னும் ஊரில் பக்கத்து மனையில் தோண்டியதால் வீடு சரிந்து ஒரு தாய் இறந்தார். 2022 டிசம்பரில் கோர்டினில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் விழுந்து இருபது வயது இளைஞன் மாண்டான். அவன் தாய் விடாது போராடிப் பொது விசாரணையைப் பெற்றார். அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று 2024-இல் விசாரணை அறிக்கை கூறிற்று.

கண்ணாடித் துண்டைப் பற்றி அதன்பின் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மையாரே சொன்னார். பக்கத்து வீடு விலைபோய்விட்டது, தோண்டத் தொடங்கிவிட்டார்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். கணவர் கற்றுக்கொடுத்த வழி. காலையில் காப்பி வைக்கு முன் மூக்குக்கண்ணாடி அணிந்து அதனைப் பார்த்துவிட்டு வருவார். மகன் ஸ்லீமாவில் இருக்கிறார். இந்த வீட்டையும் கட்டடக்காரர் கேட்கிறாராம்; கொடுக்கும் தொகையில் மகனுக்கு ஒரு வீடும் பேத்திக்குப் படிப்பும் ஆகும். "அவன் கேட்பதில் தவறில்லை. அவன் அப்பா கட்டிய வீடு. அவனுக்கும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவனுக்குக் கடன் இருக்கிறது" என்றார்.

மால்டி மொழியில் இன்று கிடைக்கும் மிகப் பழைய இலக்கியம் இருபது அடிகளைக் கொண்ட ஒரு பாட்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் கஷாரோ என்பவர் பாடியது. பழைய நோட்டரிப் பதிவேடு ஒன்றின் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த அதனை 1966-இல் மிக்கியேல் ஃப்சாத்னி என்ற சாமிநாதர் சபைக் குருவானவரும் கோட்ஃபிரி வெத்திங்கர் என்ற வரலாற்றறிஞரும் கண்டெடுத்தனர். அதன் பொருள் என்ன தெரியுமா? கவிஞர் கட்டிய வீடு விழுந்துவிட்டது. பாறை இருக்கும் என்று நம்பித் தோண்டிய இடத்தில் நெகிழ்ந்த களிமண் இருந்தது. கொத்தனார்களைக் குறை சொல்லிப் பயனில்லை என்ற புலம்பல்! கற்றவர்கள் இதற்கு உள்ளுறையாக வேறு பொருளும் காண்கிறார்கள். கொத்தனாரின் விதவைக்கு அது வேண்டியிருக்கவில்லை. "எங்கள் வீட்டுக்காரர் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, 'முதலில் மண்ணைப் பார்க்காத கொத்தனார் என்ன கொத்தனார்!' என்று சினந்தார்" என்று சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை மாலை மகன் தம் ஒன்பது வயது மகளை அழைத்து வந்தார். ஸ்லீமா என்ற ஊர்ப்பெயரே மால்டியில் 'வாழ்க' என்பதற்குரிய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அருள் நிறைந்த மந்திரம் அவர்கள் மொழியில் அச்சொல்லோடுதான் தொடங்குகிறது. ஆனால் அவ்வூரில் சிறுவர் விளையாடுவது ஆங்கிலத்தில். மால்டி அழிந்துபோகும் மொழியென்று எவரும் சொல்ல முடியாது. நாடாளுமன்றத்தில் பேசுகிறார்கள், நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதுகிறார்கள், நாளிதழ் நடத்துகிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களையெல்லாம் அதில் பெயர்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். வஸ்ஸல்லி கேட்டால் நம்பமாட்டார். இருந்தும் இந்தக் குழந்தை பாட்டி மால்டியில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் விடை சொன்னாள். இரவு செபமாலை சொன்னார்கள். பாட்டி மந்திரத்தின் முற்பாதியை மால்டியில் சொல்ல, பேத்தி பிற்பாதியை ஆங்கிலத்தில் முடித்தாள். ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே நகர்ந்தன. யாருக்கும் அது விந்தையாகத் தோன்றவில்லை. நானும் சகோதரியும் எங்கள் பங்குக்குத் தமிழில் முணுமுணுத்தோம்.

நான் புறப்பட்ட காலையில் பக்கத்து மனையில் இயந்திரம் பாறையைக் குடைந்துகொண்டிருந்தது. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. அம்மையார் சுவரருகே குனிந்து கண்ணாடியைப் பார்த்தார்; நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார்; உடையவில்லை என்று கையசைத்துக் காட்டிவிட்டுக் காப்பி வைக்கப் போனார்.

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்தோடு சகோதரி ஒரு கடிதம் எழுதியிருந்தார். வீடு இன்னும் விற்கவில்லையாம். விற்பதில்லை என்ற முடிவும் இல்லையாம். அம்மையாருக்குக் கண்புரை முற்றிவிட்டதால், சனிக்கிழமைதோறும் வரும் பேத்திதான் இப்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறாள். பார்த்த தேதியைச் சுவரிலேயே பென்சிலால் குறிக்க வேண்டும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். மாதத்தின் பெயரை மால்டியில் எழுதுகிறாளாம். எழுத்துப் பிழை இருக்கிறதாம்.